அடுக்களை மேடை

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று கடல் கடந்த நாடுகளில் வாழ்கின்றனர். அவர்கள் ஊரிலுள்ள பெற்றோருக்குச் செய்யும் பணிகளுள் வீடு திருத்துதல் முதன்மையானது. வீடு திருத்தத் தொடங்குவோர் பெரும்பாலும் முதலிற் கைவைப்பது குசினியிலேயாம். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ உள்ள தம் சமையல் மேடையைப் படம்பிடித்து அனுப்பி, "அம்மாவுக்கும் இப்படியே செய்விக்க" என்று பணிக்கும் பிள்ளைகளை யான் அறிவேன். அவர்தம் அன்பிற் குறைவில்லை. அளவிலேதான் குறை நேர்கின்றது. அக்குறையை யானும் ஒருமுறை செய்து வருந்தியவனாதலின், மேடை அமைக்கும் முறையைப் பிறர்க்கு எடுத்துரைத்தல் கடனெனக் கருதி இதனை எழுதலானேன்.

பழைய குசினி

சமைத்தலைக் குறிக்கும் 'அடு' என்னும் வினையினின்றே அட்டில், அடுப்பு, அடுக்களை, அடிசில் என்னுஞ் சொற்கள் பிறந்தன. நாம் நாடோறும் வழங்கும் 'குசினி' போத்துக்கேயர் தந்த சொல். அவர் 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டனர். பெயர் பலவாயினும் பழைய அடுக்களையில் மேடை என்பது இருந்ததில்லை. அடுப்பு நிலத்தில் இருந்தது. அம்மியும் உரலும் திருவலையும் நிலத்தில் இருந்தன. பலகையில் இருந்தே காய் நறுக்கினர், குந்தியிருந்தே அரைத்தனர். எல்லாம் நிலத்தினின்று செய்யப்பட்டமையால், உயரம் யாது என்னும் வினாவே எழவில்லை.

நின்று சமைக்கும் வழக்கம் சீமெந்தோடு பரவியது. 1950 இல் உற்பத்தியைத் தொடங்கி 1990 வரை இயங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, நமது நிலத்துச் சுண்ணக்கல்லையே சீமெந்தாக்கித் தந்தது. புகைக்கூட்டின் கீழ் அடுப்பு மேடை எழுந்தது. பின்னர் வாயு அடுப்பு வந்தது. இப்பொழுது கிரனைற் பலகை வருகின்றது. மேடை வந்த அன்றே உயரம் பற்றிய வினாவும் உடன் வந்தது. அதனைக் கேட்டு விடை கண்டவர் சிலரே.

யான் செய்த பிழை

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின் பின்னர் நாங்கள் அரியாலைக்கு மீண்டபோது, எம் வீட்டுக் குசினிக்குக் கூரை இருக்கவில்லை. என் அன்னையார் முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சமைத்தார். பின்னர்ப் பின்விறாந்தையிற் கிடுகு மறைப்புள் நெடுங்காலம் சமைத்தார். 2012 இல் எனக்குச் சிறிது வசதி ஏற்பட்டபோது, அவருக்கெனக் கறுப்புக் கிரனைற் பதித்த மேடை ஒன்றைச் செய்வித்தேன். அச்சிட்ட படமொன்றிற் கண்ட 36 அங்குல உயரத்தையே மேசனுக்குச் சொன்னேன். அவரும் மறுப்பின்றிக் கட்டினார்.

அன்னையார் நான்கடி பத்தங்குல உயரத்தினர். அடுப்பின் உயரம் ஐந்து அங்குலம். அதன்மேல் ஏற்றிய புட்டுப்பானையும் நீத்துப்பெட்டியும் சேர்ந்து பதினான்கு அங்குலம். ஆக, நீத்துப்பெட்டியின் வாய் நிலத்திலிருந்து 55 அங்குலத்தில் நின்றது. அஃது அவரது கண்மட்டம்! ஆவி முகத்தில் அடித்தது. ஒரு வாரம் பலகைக் கட்டையொன்றின் மீதேறி நின்று பார்த்தார். பின்பு ஒன்றுஞ் சொல்லாது பழைய அடுப்படிக்கே சென்றுவிட்டார். வந்தவரெல்லாம் மேடையின் அழகைப் புகழ்ந்தனர்; சமையல் மாத்திரம் பின்விறாந்தையில் நடந்தது. ஈராண்டு கழித்து ஒரு பகுதியை இடித்துத் தாழ்த்திய பின்னரே அவர் அவ்விடத்திற் சமைக்கலானார்.

உயரத்தைக் காணும் முறை

சமைப்பவரைச் செருப்பின்றி நேரே நிற்கச் செய்து, கையை மடக்கி, நிலத்திலிருந்து முழங்கை வரை அளக்க. அதிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் கழிக்க. எஞ்சுவதே நறுக்கும் மேடையின் உயரம். ஐந்தடி உயரமுள்ளவருக்கு முழங்கை ஏறக்குறைய 38 அங்குலத்தில் இருக்கும்; ஆதலின் அவருக்கு 32 முதல் 34 அங்குலம் வரை பொருந்தும். மேனாட்டில் வழங்கும் 36 அங்குலம் அந்நாட்டவர் உடலுக்கு ஏற்றது. நம் அன்னையருட் பலர்க்கு அது மிகை.

அடுப்பு வைக்கும் பகுதியை வேறாகக் கருதுக. அடுப்பின் உயரமும் பானையின் உயரமும் மேடையோடு கூடுவதால், அப்பகுதி நறுக்கும் மேடையினும் ஆறங்குலமேனுந் தாழ்ந்திருத்தல் நன்று. புட்டும் இடியப்பமும் அவிக்கும் வீட்டில் இதனை மறத்தலாகாது. நீர்த்தொட்டிக்கு மாறான விதி. பாத்திரம் கழுவும் கை தொட்டியின் அடிவரை செல்வதால், அதன் விளிம்பு சற்று உயர்ந்திருப்பினுங் குற்றமில்லை.

முதியவருக்கு இருந்து வேலை செய்யும் இடமும் வேண்டும். 1926 இல் மார்கரேற்ற சுற்றே லிகொற்சுக்கி என்னும் கட்டடக்கலை அம்மையார் ஜேர்மனியின் பிராங்போட் நகரத்துக் குடியிருப்புகளுக்கென ஒரு சமையலறையை வகுத்தார். வேலை செய்வோரின் அசைவுகளை ஆராய்ந்து வகுக்கப்பட்ட அவ்வறை ஏறக்குறைய 10,000 வீடுகளில் அமைந்தது. இன்றைய சமையலறைகளுக்கெல்லாம் முன்னோடியும் அதுவே. அதனுள்ளும் இருந்து வேலை செய்யச் சுழலும் முக்காலி ஒன்று இருந்தது. நாமும் மேடையின் ஒரு பகுதியை 28 அல்லது 30 அங்குலத்தில் அமைத்து, அதன் கீழே முழங்கால் நுழைய இடம் விட்டால், அம்மா கதிரையில் இருந்தபடியே கீரை ஆய்வார்.

முன்னேற்பாடு

மேடையின் அகலம் இரண்டடி. அதற்கு மேல் ஓரங்குலம் முன்னே நீட்டலாம். நீட்டிய கல்லின் அடிப்புறத்தில் மெல்லிய வரிப்பள்ளம் ஒன்று வெட்டுவித்தால், வழியும் நீர் அவ்விடத்தே சொட்டிவிடும். உள்ளே ஊர்ந்து சென்று பலகையைக் கெடுக்காது. அடியில் நான்கு அங்குல உயரமும் மூன்று அங்குல ஆழமுமாகக் கால்விரல் நுழைய இடம் விடுக. அஃதின்றேல் நிற்பவர் முன்னே வளைந்து நிற்பார். மாலையில் இடுப்பு நோகும்.

குழாய், கழிவுநீர் வழி, மின்பொருத்தி ஆகியவற்றின் இடங்களைச் சுவரிலே குறித்து, அவ்வேலைகளை முடித்த பின்னரே கல்லுக்கு அளவெடுக்க. மின்பொருத்தி நீர்த்தொட்டிக்குத் தொலைவில் இருக்கவேண்டும். வாயுச் சிலிண்டரை மூடிய அலுமாரிக்குள் வைத்தலாகாது. அவ்வாயு காற்றினும் பாரமானது. கசிந்தால் மேலெழாது நிலத்திலே தேங்கும். உள்ளே வைக்க நேரின் அலுமாரியின் அடியிற் காற்றோட்டத் துவாரங்கள் இன்றியமையாதன.

மேடையைக் கொங்கிறீற்றினால் அமைப்போர் நீரைப் பற்றி எண்ணுதல் வேண்டும். கடனீரேரியை அடுத்த அரியாலை போன்ற ஊர்களிற் பல கிணறுகள் சவர்த் தண்ணீருடையன. உப்பு நீரும் கழுவாத கடல்மணலும் கொங்கிறீற்றினுள் இருக்கும் கம்பியைத் துருவேற்றும். துருவேறிய கம்பி பருத்துக் கொங்கிறீற்றை வெடிக்கச் செய்யும். ஆதலின் குழைப்பதற்கு நன்னீரையே கொள்க. கம்பியைப் பலகையின் மேல் நேரே கிடத்தாது, சிறு கட்டைகள் வைத்து முக்கால் அங்குலமேனும் உயர்த்துக. இரு சுவர்களுக்கு இடையே கிடக்கும் பகுதியிற் கம்பி அடிப்புறமாகவும், சுவரைத் தாண்டி நீளும் பகுதியில் மேற்புறமாகவும் இருத்தல் வேண்டும். இழுவிசை எப்பக்கம் தோன்றுமோ அப்பக்கமே கம்பிக்குரிய இடம். வார்த்தபின் ஏழு நாளேனும் ஈரச்சாக்கிட்டு நனைத்து வருக.

கல்லைத் தேர்தல்

யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணக்கல்லின் மேல் இருப்பினும், அக்கல் சமையல் மேடைக்கு உதவாது. சுண்ணக்கல்லும் சலவைக்கல்லும் கல்சியம் காபனேற்றினால் ஆனவை. புளியும் தேசிக்காய்ச் சாறும் அவற்றை அரித்துவிடும். நாடோறும் பழப்புளி கரைக்கும் நம் குசினியில் சலவைக்கல் ஓராண்டிற்குள் ஒளி மங்கும். மினுக்கிய சீமெந்துத் தளமும் இவ்வாறே சொரசொரப்பாகும். நம்மவர் ஓட்டுத் தகட்டையும் 'மாபிள்' என்றே வழங்குவர். அது புளிக்கு அஞ்சாது, ஆயினும் இடையிலுள்ள சீமெந்துக் கோடுகளில் அழுக்குச் சேரும். போமைக்கா விலை மலிந்தது. சூடான சட்டியைத் தாங்காது, நீர்த்தொட்டியோரத்தில் ஊதி எழும்.

கிரனைற்றில் உள்ள கனிமங்கள் புளிக்குக் கரையா. மோவின் கடினத்தன்மை அளவையிற் சுண்ணக்கல்லின் கனிமத்துக்கு 3. கத்தியின் உருக்குக்கு ஏறக்குறைய ஐந்தரை. கிரனைற்றிலுள்ள பெல்சுபாருக்கு 6, குவாட்சுக்கு 7. ஆதலின் கத்தி அதனைக் கீறாது, கத்தியே மழுங்கும். எனவே நறுக்குதற்குப் பலகை வைத்துக்கொள்க.

கடையில் மாதிரித் துண்டொன்று வாங்கி மூன்று சோதனைகள் செய்க. தேசிக்காய்ச் சாறு ஒரு துளி விட்டுச் சிறிது நேரம் வைத்துத் துடைக்க. அவ்விடம் மங்கினால் அது சுண்ணக்கல் இனம். நீர்த்துளி விட்டுப் பத்து நிமிடம் பொறுக்க. கல் கறுத்தால் அது நீரை உறிஞ்சுவது, மேற்பூச்சு வேண்டும். தீந்தை கரைக்கும் தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்க்க. துணியிற் கறுப்புப் படிந்தால் அது சாயமேற்றிய கல். நிறத்தைப் பொறுத்தவரை, நம் கிணற்று நீர் சுண்ணக்கல்லினூடே வருவதாற் காய்ந்தவிடத்து வெண்படலம் விடும். கறுப்புக் கல்லில் அது பளிச்செனத் தெரியும். சாம்பற் புள்ளிக் கல் அதனை மறைக்கும்.

இனி, குவாட்சுத் தூளைப் பிசினோடு சேர்த்துச் செயற்கையாற் செய்த பலகையும் விற்கின்றனர். அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு குவாட்சு. அதை வெட்டும்போது எழும் தூசு வெட்டுபவரின் நுரையீரலிற் படிந்து, மாற்றவியலாத சிலிக்கோசிசு நோயைத் தரும். இதன்பொருட்டே அவுஸ்திரேலியா 2024 யூலை முதலாந் திகதி தொடக்கம் அப்பலகையைத் தடைசெய்தது. உலகில் அவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. கிரனைற்றிலும் குவாட்சு உண்டு. ஆதலின் எக்கல்லாயினும் நீர் பாய்ச்சியே வெட்டுவிக்க. முற்றத்தில் உலர்வெட்டுச் செய்ய விடாதீர். தொழிலாளிக்கு முகக்கவசம் இல்லையேல் நாமே வாங்கிக் கொடுப்போமாக. நம் வீட்டு அழகுக்காக இன்னொருவர் மூச்சை இழத்தல் அறமன்று.

பதித்தல்

சுவர் மூலைகள் நேர்க்கோணமாக இருப்பது அரிது. ஒரு சுவரில் மூன்றடியும் மற்றதில் நான்கடியும் குறித்து, குறுக்கே ஐந்தடி வருகின்றதா எனப் பார்க்க. வராவிடின், மட்டையட்டையில் மேடையின் உருவை வெட்டி, அதனையே கல் வெட்டுபவருக்குக் கொடுக்க. எண்களை மாத்திரம் எழுதிக் கொடுத்தல் போதாது.

இரண்டு சென்ரிமீற்றர் தடிப்புள்ள கிரனைற் சதுர அடிக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ நிறையுள்ளது. எட்டடி நீளமும் இரண்டடி அகலமுமுள்ள பலகை எண்பது கிலோவாகும். அதனைக் கிடையாகத் தூக்கின் தன் பாரத்தாலேயே முறியும். விளிம்பில் நிமிர்த்தியே நால்வர் தூக்குக. நீர்த்தொட்டிக்கு வெட்டிய துளையின் முன்னும் பின்னும் உள்ள ஒடுங்கிய பகுதிகளே பெரும்பாலும் முறிவன. இரு கற்கள் பொருந்தும் மூட்டும் அவ்விடத்து வரலாகாது.

கொங்கிறீற்றின் மேற் பதிப்பின், தளத்தை நனைத்து, ஒரு பங்கு சீமெந்தும் மூன்று பங்கு மணலுமான சாந்தை முழுப்பரப்பிலும் அரையங்குலம் பரப்புக. மூலைகளில் மாத்திரம் சாந்து வைத்து நடுவே வெறுமை விடுவோரும் உளர். அவ்வெறுமையின் மேல் பாரம் விழுந்தாற் கல் பிளக்கும். பதித்தபின் விரற்கணுவினாற் தட்டிக் கேட்க. வெற்றொலி வருமிடத்தில் அன்றே திருத்துவிக்க. இரசமட்டம் வைத்து இருபுறமும் பார்க்க. சுவருக்கும் கல்லுக்கும் இடையே எட்டிலொரு அங்குலம் விட்டுச் சிலிக்கன் பசையால் அடைக்க. சாந்து இறுகும்வரை சில நாள் பாரம் வைத்தலாகாது; அதுவரை சமையலுக்கு வேறிடம் முன்னரே ஒழுங்கு செய்திருத்தல் வேண்டும்.

மேடை எத்துணை உறுதியாயினும் அதன்மேல் இடித்தல் ஆகாது. அம்மிக்கும் உரலுக்கும் நிலமே இடம்.

வெளிநாட்டிலிருக்கும் அன்பர்களே, படம் அனுப்புமுன் ஒரு சிறு காரியஞ் செய்வீராக. ஊரிலுள்ள தம்பியையோ மருமகளையோ அழைத்து, அம்மாவின் முழங்கை நிலத்திலிருந்து எத்தனை அங்குலமென்று அளந்து அறிவிக்கச் சொல்வீராக. அவ்வெண்ணைத் தாளின் தலையில் எழுதிய பின்னரே கல்லின் நிறத்தையும் விலையையும் பேசுக. பால் காய்ச்சும் நன்னாளில் அம்மா கட்டையேறாமல் நின்று, பொங்கிவரும் பாலைத் தம் கண்ணாற் காண்பாராயின், செலவிட்ட பணம் பயன்பட்டதாகும்.