இனிப்பறியாத பூனைக்குச் சீனி வருத்தம்

புத்தளத்துத் தில்லையடியில் நடுச்சாமத்தில் ஒரு மனிதருக்கு மூச்சு முட்டினால் 1990ஐ அழுத்தலாம். 'சுவசெரிய' அம்பியூலன்ஸ் வரும்; புத்தளம் ஆஸ்பத்திரியும் பக்கத்தில்தான். அதே வீட்டுப் பூனைக்கு முட்டினால் கணக்கு வேறு. அரச மிருக வைத்தியச் சேவை மாடு, ஆடு, கோழியை மனதில் வைத்து அமைந்தது. அலுவலக நேரம் முடிந்தால் அதுவும் முடிந்தது. நாட்டில் மிருக வைத்தியம் கற்பிக்கும் பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதன் போதனா மிருக வைத்தியசாலைக்குக் குருநாகல் வழியாகப் போனால் 120 கிலோமீற்றருக்கு மேல். கொழும்பின் தனியார் மிருக வைத்தியசாலைகளுக்கும் கிட்டத்தட்ட அதே தூரம்தான்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல குடியேறிய ஊர் இது. மனிதருக்கே கூரை தேடிய ஊரில் பூனைக்கு அவசர சிகிச்சையா என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்டதற்காகத் தண்டிக்கப்பட்ட பெண்ணின் ஹதீஸ் கதை இங்கே மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது அந்த 120 கிலோமீற்றருக்குள் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, பூனையின் உடம்பில் என்ன செய்கிறது என்பதை.

சீனி வருத்தம் பூனைக்கு வருவதே ஒரு விந்தை. பூனைக்கு இனிப்பு என்ற சுவையே இல்லை. நாக்கு இனிப்பை உணர இரண்டு மரபணுக்கள் சேர்ந்து ஒரு வாங்கியை அமைக்க வேண்டும். பூனை இனத்தில் அவற்றில் ஒன்று உடைந்து கிடக்கிறது என்று பிலடெல்பியாவின் மொனெல் நிறுவன ஆய்வாளர்கள் 2005இல் காட்டினார்கள். வீட்டுப் பூனையில் மட்டுமல்ல, புலியிலும் சிறுத்தையிலும் அப்படியே. இறைச்சி தின்றே வாழும் பிராணி இது. அதன் ஈரல் புரதத்திலிருந்து ஓயாமல் குளுக்கோஸ் செய்துகொண்டிருக்கும். சோறு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த வேலை பெரிதாகக் குறையாது.

அதனால் சீனி தின்றுதான் இந்த நோய் வந்தது என்று யாரும் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. உடல் பருத்த, நலமடித்த, வயதேறிய கடுவன்களுக்கே இது அதிகம். நீண்ட நாள் ஸ்டீரொயிட் மருந்து கொடுத்தாலும் வரலாம். மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவை அப்படியே உரித்து வைத்தது போன்ற நோய். சுவீடனின் பேர் வெஸ்டர்மார்க் குழு 1987இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சாட்சி. மனிதக் கணையக் கட்டியிலும் நீரிழிவு வந்த பூனையின் கணையத்திலும் படிந்திருந்த பிசினைப் பிரித்துப் பார்த்தார்கள்; இரண்டும் ஒரே வகைப் புரதம். இன்சுலினோடு சேர்ந்தே சுரக்கும் புரதம் அது. எலியிலும் சுண்டெலியிலும் அதன் அமைப்பு சற்று வேறு, அதனால் அங்கே படிவதில்லை. நம்முடைய நோய் நம் வீட்டில் எலி பிடிப்பவனுக்கு வந்தது, எலி தப்பித்துக்கொண்டது.

இனி அவசரம். இன்சுலின் இல்லாவிட்டால் இரத்தத்தில் குளுக்கோஸ் நிரம்பி வழிந்தாலும் தசையும் கொழுப்பும் அதை எடுக்க முடியாது. உடம்பு பட்டினி என்றே நம்புகிறது. சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்புகிறது. ஈரல் அதைக் கீற்றோன்களாக மாற்றுகிறது. கொஞ்சம் என்றால் அது நல்ல எரிபொருள். அளவு மீறினால் அமிலம். குளுக்கோஸ் சிறுநீரோடு போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. வெயிலில் உப்பளப் பாத்தி வற்றுவது போல இரத்தம் வற்றிச் செறிகிறது. பூனை சத்தி எடுக்கிறது, சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்புகிறது, மூலையில் ஒடுங்குகிறது. சிலவற்றின் வாயில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசனை அடிக்கும். ஆழ்ந்து வாங்கும் மூச்சும் வரலாம். மனிதரில் அந்த மூச்சை ஜெர்மன் வைத்தியர் அடொல்ஃப் குஸ்மௌல் 1874இல் விவரித்தார். அக்காலத்தில் அது வந்தவர் பிழைத்ததில்லை.

இந்த நிலைக்கு முன்பே அடையாளங்கள் உண்டு. அதிகம் குடித்தல், அதிகம் சிறுநீர் கழித்தல், நன்றாகத் தின்றும் மெலிதல், பின்னங்கால்களை முழுதாகத் தரையில் பதித்து நடத்தல். மாடிக் குடியிருப்பில் பூனை வளர்ப்பவர்கள் மண்தட்டைப் பார்த்தே அறிந்துகொள்வார்கள். தில்லையடியின் மணல் முற்றத்தில் பூனை போய்க் கழித்து மூடிவிட்டு வந்துவிடும், யார் பார்ப்பது? இங்கே கண் வைக்க வேண்டியது தண்ணீர்க் கோப்பையில்.

வைத்தியசாலையில் முதலில் ஏறுவது இன்சுலின் அல்ல, சேலைன். பலருக்கு இது வியப்பாக இருக்கும். வற்றிய உடம்புக்கு நீர் திரும்பினாலே குளுக்கோஸ் ஓரளவு இறங்கும். சில மணி நேரம் கழித்தே, மிகச் சிறிய அளவில், வேகமாக வேலை செய்யும் இன்சுலின். அவசரப்பட்டால் ஆபத்து, ஏனெனில் இன்சுலின் குளுக்கோஸை மட்டும் கலங்களுக்குள் தள்ளுவதில்லை, பொட்டாசியத்தையும் தள்ளும். சத்தியிலும் சிறுநீரிலும் ஏற்கனவே இழந்த பொட்டாசியம் இரத்தத்தில் மேலும் விழும். தசை சோரும். பூனையின் பிடரியில் தலையைத் தாங்கும் நீண்ட பிணைநார் இல்லாததால் தலை நெஞ்சோடு தொங்கிவிடும். பொஸ்பேற்றும் விழுந்தால் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். அதனால் சேலைனோடு இவ்விரண்டையும் அளந்து சேர்ப்பார்கள்.

பிறகு வருவது வீட்டார் தகராறு பண்ணும் கட்டம். குளுக்கோஸ் டெசிலீற்றருக்கு 250 மில்லிகிராம் அளவுக்கு இறங்கியதும் வைத்தியர் சேலைனில் குளுக்கோஸ் கலப்பார். சீனி வருத்தத்துக்குச் சீனித் தண்ணியா? ஆமாம். கொல்ல வந்தது சீனி அல்ல, கீற்றோன். அதை நிறுத்த இன்சுலின் தொடர்ந்து போக வேண்டும். போய்க்கொண்டிருக்கும்போது குளுக்கோஸ் தரைதட்டாமல் இருக்க வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கோ இரண்டு மணி நேரத்துக்கோ ஒருமுறை காதோரத்தில் ஊசி குத்திப் பார்த்துக்கொண்டே, இரவு முழுவதும், பல நாட்கள். கணைய அழற்சியோ ஈரல் கொழுப்போ தொற்றோ பெரும்பாலும் கூட இருக்கும். அதையும் தேடிப் பிடிக்க வேண்டும். இத்தனையும் செய்தால் பத்தில் ஏழு பூனைகள் அளவில் வீடு திரும்புகின்றன.

இதில் விலையுயர்ந்த அதிசய மருந்து ஒன்றும் இல்லை. சேலைன், பொட்டாசியம், சாதாரண இன்சுலின் எல்லாம் சிறு ஊர் ஆஸ்பத்திரியிலும் உள்ளவை. கிடைக்காதது இரவு விழித்திருக்கும் ஆளும், பொட்டாசியத்தை அளக்கும் இயந்திரமும். மாவட்டத்துக்கு ஓர் இரவுநேர மிருக வைத்திய அறையாவது அரசு திறக்க வேண்டும் என்பது என் கட்சி.

வீட்டில் இன்சுலின் போடுபவர்களுக்கு எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. மிருகங்களுக்கென வரும் இன்சுலின் சில மில்லிலீற்றருக்கு 40 அலகு. மனிதர் பாமசியில் வாங்குவது பெரும்பாலும் 100 அலகு. 40க்கான சிறிஞ்சில் 100ஐ இழுத்தால் போகும் மருந்து இரண்டரை மடங்கு. தள்ளாடுதல், நடுக்கம், வலிப்பு வந்தால் தேனையோ கித்துள் பாணியையோ ஈறில் தடவுங்கள். வாய்க்குள் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். பழைய மிருக இன்சுலின் பன்றியிலிருந்து எடுத்தது என்று தயங்கும் வீடுகள் இங்கே உண்டு. ஆய்வுகூடத்தில் பக்டீரியாவைக் கொண்டு செய்யப்படும் கிளார்ஜின் பூனைக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது, வைத்தியரிடம் கேளுங்கள். ஆரம்பத்திலேயே அதைத் தொடங்கி, மாச்சத்தைக் குறைத்து, எடையையும் இறக்கினால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலையும் வருகிறது.

அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பூனைக்கான நீரிழிவு மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு வாயில் ஊற்றும் மருந்தும் வந்தது. ஊசி இல்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் இவற்றை எடுக்கும் பூனையில் குளுக்கோஸ் ஏறாமலே கீற்றோன் ஏறலாம், குளுக்கோமீட்டரை மட்டும் நம்பக்கூடாது. மறுபக்கம், வைத்தியசாலை மேசையில் பயந்து நடுங்கும் ஆரோக்கியமான பூனைக்கே 300க்கு மேல் காட்டலாம். எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் பூனையிடம் எடுபடாது.

காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் கொடுத்துவிடாதீர்கள். ஒரு வில்லை ஒரு பூனையைக் கொல்லப் போதும். சாப்பிடாத பூனைக்கு வழக்கமான அளவு இன்சுலினை வைத்தியரிடம் கேட்காமல் போடவும் வேண்டாம், முழுதாக நிறுத்தவும் வேண்டாம். இரவில் தொலைபேசி எடுக்கும் மிருக வைத்தியரின் இலக்கத்தை இன்றைக்கே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நீரிழிவுப் பூனை வெள்ளிக்கிழமை காலை சோற்றைத் தொடாமல் சத்தி எடுத்தால், ஜும்ஆவுக்கு முன்பே வாகனம் பேசுங்கள். திங்கட்கிழமை வரை அதற்கு நேரமில்லை.