எலெக்ட்ரான்களைச் சிறை வைக்கும் பெட்டி!

கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் ஒரு தட்டு 'கிர்'ரென்று சுழன்றுகொண்டிருந்த காலம் உண்டு. நிமிஷத்துக்கு 5,400 சுற்று, சிலவற்றில் 7,200. கிராமபோன் முள்ளைப் போல ஒரு சிறு கரம், தட்டின் மேல் படாமலே அதில் எழுதியும் படித்தும் வந்தது. இன்று கடையில் லாப்டாப் வாங்கினால் அநேகமாக அந்தத் தட்டு இருப்பதில்லை. அதன் இடத்தில் சூயிங்கம் பட்டை அளவில் ஓர் அட்டை உட்கார்ந்திருக்கிறது. எஸ்.எஸ்.டி. என்று அதற்குப் பெயர். சுழற்சி இல்லை, சத்தம் இல்லை. பொத்தானை அழுத்திய சில விநாடிகளில் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்கிறது.

அசையாத இந்தப் பொருள், எழுதியதை எங்கே வைத்திருக்கிறது?

சிறைச்சாலையில்! கைதிகள் யார் தெரியுமோ? எலெக்ட்ரான்கள். ஸிலிக்கன் வில்லையில் கோடானுகோடி சின்னஞ்சிறு அறைகள். ஒவ்வொன்றையும் சுற்றி மின்சாரத்தைத் தடுக்கும் சுவர். பலமான மின் அழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் சுவரை ஊடுருவி உள்ளே போய்விடும். அழுத்தத்தை எடுத்துவிட்டால் வெளியே வர வழி கிடையாது. அறையில் கைதி உண்டா, இல்லையா என்பதுதான் இங்கே எழுத்து. கரண்டு நின்றாலும் கைதிகள் அங்கேயே கிடப்பார்கள்.

இந்த யோசனை 1967-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் பிறந்தது. கொரியாவில் பிறந்த டாவோன் காங், சீனாவில் பிறந்த சைமன் ஸீ என்ற இருவர் கண்டது அது. அதை மலிவாக்க வழி காட்டியவர் ஜப்பானில் தோஷிபா கம்பெனியின் எஞ்ஜினீயர் புஜியோ மசுவோகா. அறை அறையாகத் திறந்து காலி செய்வானேன்? ஒரு தொகுதி அறைகளை ஒரே வீச்சில் காலி செய்தால் போயிற்று! காமிராவின் பிளாஷ் வெளிச்சம் போல இருக்கிறதே என்று சகா ஒருவர் சொல்ல, 'பிளாஷ்' என்ற பெயர் நிலைத்தது. 1984-ல் இது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கம்பெனிகளுக்குக் குபேர சம்பத்து. மசுவோகாவோ தம் பங்குக்காகப் பழைய முதலாளி மீது வழக்குத் தொடர வேண்டியதாயிற்று. அவர் கேட்டது 100 கோடி யென். 2006-ல் ராஜியில் கிடைத்தது 8 கோடியே 70 லட்சம்!

1991-ல் ஓர் அமெரிக்கக் கம்பெனி விற்ற எஸ்.எஸ்.டி.யின் கொள்ளளவு 20 மெகாபைட். விலை சுமார் 1,000 டாலர். இன்றைய செல்போன் படங்கள் நாலைந்து போட்டால் அது நிரம்பிவிடும்.

இனிதான் விஷயமே இருக்கிறது. எலெக்ட்ரான்கள் ஊடுருவும் ஒவ்வொரு தடவையும் சுவர் சற்றே நைந்துபோகிறது. ஆதியில் ஓர் அறை சுமார் 1 லட்சம் தடவை எழுதத் தாங்கியது. மலிவை விரும்பி, இப்போது ஓர் அறையில் 16 நிலைகளைத் திணிக்கும் வகை வந்திருக்கிறது. அது தாங்குவது ஆயிரம் தடவை சுமாருக்குத்தான். ஆனாலும் பெட்டிக்குள் இருக்கும் மேஸ்திரிச் சில்லு வேலையை எல்லா அறைகளுக்கும் சமமாகப் பங்கிடுவதால், வீட்டு உபயோகத்துக்கு அது பல வருஷம் வரும்.

கவலை வேறு இடத்தில். சுழலும் தட்டு சாகும் முன் பல சமயம் 'டக் டக்' என்று முனகும். இது மூச்சுக் காட்டாமல் ஒரு நாள் நின்றுவிடும். தவறி அழித்த படத்தை நிபுணரிடம் கொடுத்து மீட்கலாம் என்ற நம்பிக்கையும் பெரும்பாலும் பலிக்காது. அழித்தவுடன் கம்ப்யூட்டர் தகவல் கொடுத்துவிடுகிறது. ஓய்வு கிடைத்ததும் சில்லு அந்த அறைகளைக் காலி செய்துவிடுகிறது. கரண்டு காட்டாமல் பூட்டி வைத்தாலோ, கைதிகள் மெல்லக் கசிவார்கள். எழுதும் ஆயுளை முடித்த ஒரு பெட்டி, 30 டிகிரி உஷ்ணத்தில் ஒரு வருஷம் நினைவு வைத்திருந்தால் போதும் என்பதே தொழில்துறை வகுத்த அளவு. உஷ்ணம் ஏற ஏறக் கசிவும் கூடும். நம் ஊர்ச் சித்திரை மாதத்தில், மூடிய பீரோவுக்குள் 30 டிகிரியோடு நிற்குமா?

கல்யாணப் படங்களையும் வீட்டுப் பத்திர நகல்களையும் எஸ்.எஸ்.டி.யில் மட்டும் வைத்திருப்பவர்கள், இன்னொரு பிரதியைப் பழைய சுழலும் தட்டில் எடுத்து வைக்கலாம். அதே கொள்ளளவுக்கு அதன் விலையும் குறைவு.