அப்பாவின் சைக்கிளும் 150 வரி நிரலும்

தீபாவளிக்கு முந்திய வாரம் அம்மா கேட்டார். “அப்பா சைக்கிளப் பத்தி எழுதியிருந்தியே, அத எடுத்துக் குடுப்பா. உங்க அத்தை படிக்கணுமாம்.”

தேடினேன். கட்டுரையைக் காணோம், வலைப்பூவையே காணோம். இலவசமாக இடம் தந்த நிறுவனம் அந்தச் சேவையை மூடிவிட்டது. அறிவிப்பு, நான் திறந்தே பார்க்காத பழைய மின்னஞ்சல் முகவரியில் கிடந்தது. ஏழு ஆண்டு எழுத்து போய்விட்டது.

நிரல் எழுதிச் சம்பளம் வாங்குபவன் நான். அலுவலகத் தரவுகளுக்கெல்லாம் தவறாமல் நகல் எடுத்து வைப்பேன். சொந்த எழுத்துக்கு ஒரு நகல்கூட எடுத்து வைக்கவில்லை.

இனி என் எழுத்து முதலில் என் கணினியில் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு கட்டுரையும் ஒரு சாதாரண உரைக்கோப்பு. அவற்றை இணையப் பக்கங்களாக மாற்ற ஒரு சிறு நிரல்.

வழக்கமான வலைப்பூ பரோட்டாக் கடை மாதிரி. வாசகர் கேட்ட பிறகுதான் சர்வர் தரவுத்தளத்திலிருந்து எடுத்துப் பக்கத்தைத் தட்டிப் போடும். நான் விரும்பியது, பொட்டலம் கட்டி அடுக்கி வைத்த நாசி லெமாக். பக்கங்கள் முன்கூட்டியே தயாராக இருக்கும். சர்வர் எடுத்து நீட்டினால் போதும். ஒரு கடை மூடினால், பொட்டலங்களை அப்படியே அடுத்த கடைக்கு எடுத்துச் செல்லலாம்.

இதற்குத் தயார்நிலைக் கருவிகள் உண்டு. 2008ல் வந்த ‘ஜெக்கில்’, பின்னர் வந்த ‘ஹியூகோ’ இரண்டும் பலர் பயன்படுத்துபவை. அவற்றை எடுத்திருந்தால் ஒரே மாலையில் வேலை முடிந்திருக்கும். ஆனால், இன்னொருவர் கட்டிய வீட்டில் ஒருமுறை குடியிருந்து பட்டாயிற்று. பழுதானால் நானே பிரித்துப் பார்த்துச் சரிசெய்யக்கூடிய ஒன்று வேண்டும் என்று தோன்றியது.

பைத்தான் மொழியில் எழுதினேன். சுமார் 150 வரிகள். கோப்பைப் படிக்கும், தலைப்பு, பத்தி, இணைப்பு ஆகியவற்றுக்கான குறிகளை இணையப் பக்கத்துக்குரிய வடிவுக்கு மாற்றும், ஒரு வார்ப்புருவில் ஊற்றும், தேதி வாரியாக முகப்புப் பட்டியல் போடும். அவ்வளவுதான்.

முதல் சோதனைக்கு அப்பாவின் கட்டுரையே கிடைத்தது. அவருடைய முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு எடுத்த அச்சுப்பிரதி ஒன்று அக்கா வீட்டில் இருந்தது. அதைப் பார்த்துத் தட்டச்சு செய்து நிரலை ஓட்டினேன். ‘அப்பாவின் சைக்கிள்’ என்ற தலைப்பிலிருந்து அது உருவாக்கிய முகவரி: ‘அபபவன-சககள’.

முகவரியில் எழுத்தும் எண்ணும் தவிர மற்றவற்றை நீக்கு என்று நிரலிடம் சொல்லியிருந்தேன். கால், கொம்பு, சுழி, புள்ளி எதையும் அது எழுத்தாகவே மதிக்கவில்லை. யூனிகோடில் ‘ப்’ என்பது ‘ப’ ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு குறியீடுகள். பைத்தானின் தேடல் விதியில் ‘ப’ எழுத்து, புள்ளி எழுத்தல்ல. ஆங்கிலத்தை மட்டுமே சோதித்திருந்தால் இந்தப் பிழை கண்ணில் பட்டிருக்காது.

தமிழ்க் குறியீடுகள் அனைத்தையும் விட்டுவை என்று ஒரு வரி சேர்த்தேன். அப்பாவுக்குப் புள்ளியும் காலும் திரும்பி வந்தன. அடுத்தவர் கருவியாக இருந்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும்.

அத்துடன் நிறுத்தியிருக்க வேண்டும். தேடல் வசதி, இரவு நேரக் கறுப்புத் திரை, எழுத்துருத் தேர்வு என்று வார இறுதிகள் கரைந்தன. நிரல் வளர்ந்தது. கட்டுரை மட்டும் வெளியே போகவில்லை. கருவி செய்வது எழுதுவதைவிடச் சுலபம் என்பதால், அதில் ஒளிந்துகொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிறு அம்மா மறுபடி கேட்டார். “சைக்கிள் எங்கப்பா?”

அன்றிரவே பக்கத்தை ஏற்றினேன். மறுநாள் அத்தை தொலைபேசியில் அழைத்து, சைக்கிளின் நிறம் பச்சை இல்லை, நீலம் என்று திருத்தினார். கோப்பைத் திறந்து ஒரு சொல்லை மாற்றி, நிரலை மீண்டும் ஓட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

எல்லாரும் நிரல் எழுத வேண்டியதில்லை. ஆனால், நீங்கள் இணையத்தில் மட்டும் எழுதி வைத்திருப்பவற்றை இன்றே உங்கள் கணினியில் நகலெடுத்து வையுங்கள். என் ஏழு ஆண்டு எழுத்தில் எனக்குத் திரும்பக் கிடைத்தது, காகிதத்தில் இருந்த அந்த ஒன்றுதான்.