சரக்கின் வேலை தெரிந்து வாங்குவோம்

தூத்துக்குடியில் கயிறு, தங்கூசி, தூண்டில் முள் மொத்த வியாபாரம் செய்துவரும் எங்களுக்கு, சில ஆண்டுகளுக்கு முன் நீலகிரியிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. தூண்டிலுக்கு “ஈ கட்டும் சாமான்” வேண்டுமாம்! நாங்கள் எதையும் விசாரியாமல் கடல் முள், பருத்தி நூல், கறிக்கடைப் பெட்டைக்கோழி இறகு மூன்றையும் மூட்டை கட்டி அனுப்பினோம். முழுச் சரக்கும் திரும்பிவிட்டது. இருபுற லாரி வாடகையும் எங்கள் தலையில்.

பிறகு நேரில் போய்க் கேட்டபோதுதான் விவரம் புரிந்தது. வெள்ளைக்காரர் காலத்தில், 1907-இல் அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிப்பகம் வைத்து, அந்தக் குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் மீனை வளர்த்தார்கள். அது தண்ணீரில் மிதக்கும் சிறு பூச்சிகளைக் கவ்வும். அவற்றில் ஒன்று ‘மே ஈ’. சிறகு முளைத்தபின் ஓரிரு நாளே அதற்கு ஆயுள். அதைப்போல முள்ளில் கட்டும் போலி ஈயும் மிதக்க வேண்டும். சூட்சுமம் இதுதான்.

முள்: மெல்லிய கம்பியாக இருக்கட்டும். கடல் முள்ளின் கனம் ஈயை அமிழ்த்திவிடும்.

இறகு: முதிர்ந்த சேவலின் கழுத்து இறகே சிறந்தது. தண்டை ஒட்டிய பஞ்சு குறைவு. முள்ளில் சுற்றினால் இழைகள் விறைத்து நின்று, பூச்சியின் கால்போல் நீரின்மேல் தாங்கும். வாலுக்கும் அதே இழைதான். பெட்டையின் இறகு தண்ணீர் குடிக்கும். அமிழ்கிற ஈக்கே ஆகும்.

உடல்: பருத்தியும் நீர் குடிக்கும். பாலிப்ரொப்பிலீன் இழை தண்ணீரைவிட லேசு, நைலான் கனம். கயிறு விற்கும் நமக்கே இது தெரிந்திருக்க வேண்டாமா! கட்டும் நூல் மெல்லியதாக, மெழுகு பூசியதாக இருக்கட்டும்.

இறகை நன்றாகக் காயவைத்து, அந்துருண்டை போட்டு வையுங்கள். இல்லையேல் பூச்சி அரித்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. அடுத்து வந்த ஒருவர் காட்டுக்கோழிக் கழுத்து இறகுக்கு மும்மடங்கு விலை தருவதாகச் சொன்னார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். மறுத்துவிட்டோம். இலாபம் ஒரு நாள், வழக்கு பல ஆண்டு.

ஆகவே அன்பர்களே, புதுச் சரக்கு கேட்டு வந்தால் விலையைக் கேட்குமுன் அதன் வேலையைக் கேளுங்கள். எங்களுக்கு அந்தப் பாடம் லாரி வாடகையில் கிடைத்தது; உங்களுக்கு இலவசமாகவே கிடைக்கட்டும்.