சக்கர வீட்டின் கூரை

அமெரிக்காவில் தயாராகும் வாகன வீடுகளில் பெரும்பகுதி, இந்தியானா மாநிலத்து எல்க்கார்ட் நகரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உருவாகிறது. கட்டில், அடுப்பு, குளியலறை என்று சகல சௌகரியங்களும் அமைந்த அந்தச் சஞ்சார கிருகத்தில், சொந்தக்காரரின் பார்வை மிக அரிதாகவே சென்றாலும் அதன் ஆயுளையே நிர்ணயிப்பது கூரைதான்.

அக்கூரை பல வண்டிகளில், மெல்லிய பிளைவுட்டின்மேல் ஒட்டப்பட்ட, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமே உள்ள இ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர் விரிப்பாகும். வெயில் அதன் மேற்பரப்பை நாளடைவில் பொடியாக்க, மழை தோறும் அப்பொடி பக்கச் சுவர்களில் வெள்ளைக் கோடுகளாக வழிகிறது. அதைக் கண்ட பிறகே பலர் ஏணியைத் தேடுகிறார்கள். ஆயினும், ரப்பர் தேய்வதைக் காட்டிலும், அதைத் துளைத்து நிற்கும் காற்றுப் போக்கி, கழிவுக் குழாய், 14 அங்குலச் சதுரத் துவாரத்தில் அமர்ந்த ஏ.சி. ஆகியவற்றின் விளிம்புகளால் நேரும் நஷ்டமே பெரிது என்பது என் திடமான அபிப்பிராயம். வண்டி குலுங்குந்தோறும், பகலில் விரிந்து இரவில் சுருங்குந்தோறும், அவ்விளிம்புகளில் இட்ட சீலன்ட் மயிரிழையாக வெடிக்க, அதன் வழியே இறங்கும் நீர், உட்கூரையில் கறையாகத் தெரியுமுன்பே பிளைவுட்டை மக்கச் செய்துவிடுகிறது.

ஆகையால், கூரையைக் காக்க மேலே பூசும் கோட்டிங்கின் டப்பாவைத் திறக்குமுன் முழங்காலிட்டுக் கூரை முழுவதையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். எங்கேனும் மெத்தென்று அமுங்கினால் அவ்விடத்து மரத்தை மாற்றியே தீர வேண்டும். மாற்றாமல் எத்தனை கை பூசினாலும், சீழை உள்ளே வைத்துத் தைத்த புண்ணைப்போல ஈரம் உள்ளேயே பரவும். கூலி மிச்சமாவதைவிட, தம் வண்டியின் பலவீனங்களைத் தம் கையாலேயே அறிந்துகொள்வதுதான் இவ்வேலையைத் தாமே செய்வதன் பிரதான லாபம் என்பேன்.

பிறகு, சோப்பு நீரும் பிரஷ்ஷும் கொண்டு, துடைத்த துணியில் வெண்பொடி ஒட்டாமல் போகும்வரை கழுவ வேண்டும். பெட்ரோலியக் கரைப்பான்கள் இந்த ரப்பரை உப்பச் செய்யுமாதலால் அவை கூடவே கூடாது. நனைந்த ரப்பர் வழுக்கும். கைப்பிடிச் சுவரற்ற அவ்வுயரத்தில் நிதானம் அவசியம். வெடித்த சீலன்ட்டைச் சுரண்டிப் புதிதாக இட்டு, அது இறுகியபின், பனி விழாத, மழைக்கு வாய்ப்பில்லாத ஒரு நாளில், ஏணிக்கு எதிர்முனையில் தொடங்கிப் பின்வாங்கியபடி ரோலரால் பூசி, முதற்பூச்சு உலர்ந்ததும் அதற்குக் குறுக்காக மறுபூச்சு இடுவது உத்தமம்.

எதைப் பூசுவது என்பதில் அவசரம் ஆகாது. அக்ரிலிக் விலை மலிவு, பூசுவதற்கும் சுலபம். ஆனால் நீர் தேங்கும் பள்ளங்களில் அது நீடிப்பதில்லை. சிலிக்கோன் தேங்கிய நீரையும் தாங்கும். ஆனால் ஒருமுறை பூசிவிட்டால், பின்னர் அதன்மேல் சிலிக்கோனைத் தவிர வேறெதுவும் சரியாக ஒட்டாது. ஆதலால் பூசிய பொருளின் பெயரையும் தேதியையும் வண்டியின் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். வண்டி கைமாறிச் சென்றாலும், அடுத்து அக்கூரைமேல் ஏறுபவருக்கு அந்த ஒரு வரி தேவைப்படும்.