ஐந்து மணிக்கும் சந்தையில் நின்றவர்கள்

திராட்சைத் தோட்ட வேலையாட்கள் பற்றிய உவமையை (மத்தேயு 20) ஆலயத்தில் பலமுறை கேட்டிருக்கிறோம். கடைசி மணி நேரத்தில் வந்தவருக்கும் ஒரு தெனாரியம் கிடைத்ததையே பெரும்பாலும் சிந்திக்கிறோம். அவர்கள் மாலை ஐந்து மணிவரை சந்தைவெளியில் நின்றதை எளிதில் கடந்துவிடுகிறோம். ஏன் நிற்கிறீர்கள் என்று வினவிய உரிமையாளரிடம், தம்மை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்றே அவர்கள் கூறினர். ஆண்டவர் இவ்வுவமையில் அவர்களைச் சோம்பேறிகள் எனக் கண்டிக்கவில்லை.

2017ஆம் ஆண்டில் வேலையற்ற பட்டதாரிகள் யாழ். மாவட்டச் செயலகத்தின் முன் வாரக்கணக்காகப் போராடியதை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய பிள்ளை உள்ள வீட்டில், "உன்னோடு படித்தவனுக்கு வேலை கிடைத்துவிட்டதாமே" என்ற ஒரு வாக்கியம் போதும்; அன்றிரவு அப்பிள்ளை செபமாலைக்கும் எழுந்து வராது. வேலையின்மையைவிட இந்த அவமானமே பலரை முடக்குகின்றது.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது நம்மூர்ப் பழமொழி. அரசாங்க உத்தியோகம் நல்லதே. அதற்காகவே பத்தாண்டு காத்திருப்பது நல்லதன்று. மானிப்பாயில் 1875இல் பிறந்த சுவாமி ஞானப்பிரகாசர் அத்தகைய உத்தியோகத்தைப் பெற்றவர்தாம். புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராகச் சேர்ந்த அவர், சில ஆண்டுகளில் அதனைத் துறந்து குருமடம் புகுந்தார், 1901இல் குருவானார். பன்மொழிப் புலமையும் சொற்பிறப்பு அகராதியும் அதன்பின் வந்தவை. எல்லோரும் உத்தியோகத்தை உதறிவிட வேண்டும் என்பதற்காக இதைக் கூறவில்லை. எந்தப் பெற்றோரும் தயங்கக்கூடிய முடிவு அது. எனினும் தமக்கு அருளப்பட்ட திறமை எதுவென அவர் தேடினார். அந்தத் தேடல் நம் பிள்ளைகளுக்கும் உரியது.

கைத்தொழிலை இழிவாகக் கருதும் மனப்பான்மை நம்மிடையே இன்னும் மறையவில்லை. நாசரேத்தில் நம் ஆண்டவரே தச்சர் எனப்பட்டார். தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளைப் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1955இல் ஏற்படுத்தி, மே 1ஆம் நாளுக்கு உரியதாக்கினார். மேசன் வேலையோ மின் இணைப்பு வேலையோ அனுபவத்தால் கற்றவர், அந்த அனுபவத்தை மதிப்பிடச் செய்து தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம். மீண்டும் முழுப் பயிற்சிநெறியையும் பயில வேண்டியதில்லை. பட்டம் பெற்றவரும் இதைக் கேட்டு முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. திருத்தூதர் பவுல் கற்றறிந்தவர், கூடாரம் செய்தும் உழைத்தார்.

வேலை கிடைத்தபின் வேறு சோதனைகள் வருகின்றன. யாக்கோபு தம் மாமன் லாபானிடம் இருபது ஆண்டுகள் உழைத்தார். கூலி பத்து முறை மாற்றப்பட்டது. காணாமற்போன ஆட்டின் நட்டமும் அவர் தலையிலேயே விழுந்தது. உறவினர் கடையில் வேலை செய்யும் நம் இளையோர் பலருக்கு இக்கதையை விளக்கத் தேவையில்லை. "மாமா கடைதானே, எழுத்து எதற்கு?" என்றே அங்கு எல்லாம் தொடங்குகிறது. சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு 8 ஊழியரும் 12 தொழில்தருநரும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குரிய 3 வீதம் முழுவதும் தொழில்தருநரின் கடமை. இதைப் பணிவோடு கேட்பது நன்றிகெட்ட செயலன்று. கேட்டும் பயனில்லையெனில் தொழில் திணைக்களத்தை நாடலாம். கடை நடத்தும் கத்தோலிக்கரும் கூலியை நிறுத்திவைப்போர் பற்றி யாக்கோபு திருமுகம் ஐந்தாம் அதிகாரத்தில் சொல்லப்பட்டதை ஒருமுறை வாசிப்பது நலம்.

யாக்கோபும் முதலில் சொல்லாமலே புறப்பட்டுச் சென்றார். லாபான் துரத்திவந்து பிடித்தபோதுதான் இருபது ஆண்டுக் கணக்கையும் முகத்துக்கு முகம் எடுத்துரைத்தார். பின்னர் இருவரும் கற்களைக் குவித்து உடன்படிக்கை செய்து, அதன்மேல் அமர்ந்து உணவருந்தினர். அந்தக் கற்குவியலே சாட்சியாயிற்று. நம் பிள்ளைகளுக்கு அந்தச் சாட்சி நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டும். அவற்றை முதல் மாதத்திலேயே கேட்டு வாங்கி, ஞானஸ்நானச் சான்றிதழ் இருக்கும் அதே கோவையில் பத்திரப்படுத்தட்டும்.