கிரயமா? அடமானமா?

நெசவாள அங்கத்தினர் ஒருவர் சென்ற ஆண்டு நம்மிடம் இரண்டு பத்திரங்களைக் கொணர்ந்து காட்டினார். கடனுக்காகத் தம் வீட்டை ஒருவருக்குக் கிரயம் எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று ஆண்டுகளுக்குள் பணத்தைச் செலுத்தினால் வீட்டை மறுகிரயம் செய்து தருவதாக, வாங்கியவர் அதே நாளில் தனியே ஓர் உடன்படிக்கை எழுதியிருந்தார். பணம் சேர்ந்ததோ நான்காம் ஆண்டில். வாங்கியவர் மறுத்துவிட்டார்.

1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 58ஆவது பிரிவு நம் நினைவுக்கு வந்தது. கிரயம் போலத் தோன்றினும், பணம் செலுத்தினால் சொத்து திரும்பும் என்ற நிபந்தனையோடு கூடியதை அது அடமானம் என்கிறது. அடமானமாயின் கெடு தவறியதால் மட்டும் மீட்கும் உரிமை அழியாது. வழக்கிட 30 ஆண்டுகள் அவகாசமுண்டு. ஆகவே, அஞ்ச வேண்டாம் என்று கூறி அவரை அனுப்பினோம்.

அன்றிரவு முல்லாவின் உரைநூலைப் புரட்டியபோது நம் அவசரம் புலப்பட்டது. 1929ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அந்நிபந்தனை கிரயப் பத்திரத்திலேயே அடங்கியிருத்தல் வேண்டும். சுன்சுன் ஜாவுக்கும் எபாதத் அலிக்கும் நடந்த வழக்கில், 1954இல் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது: இரண்டும் ஒரே வேளையில் எழுதப்பட்டாலும், தனித்தனிப் பத்திரங்களாயின் அடமானம் ஆகாது. மறுகிரய உடன்படிக்கைக்கோ கெடுவே உயிர். விடிந்ததும் அவர் இல்லம் சென்று உண்மையை உரைத்தோம். தறியில் அமர்ந்திருந்தவர் மறுமொழி கூறவில்லை.

அத்தீர்ப்பு மற்றொன்றும் கூறுகிறது. ஒரே பத்திரமாக இருப்பதனாலேயே அது அடமானமாகிவிடாது. எழுதியவர்களின் கருத்தை அறிதல் வேண்டும். விலை மதிப்புக்கு மிகக் குறைவா, சொத்து யார் அனுபவத்தில் உள்ளது, வரி கட்டுபவர் யார் என்பனவெல்லாம் அதற்கு அடையாளங்கள்.

பிரிவு எலும்புக்கூடு, வழக்கே அதன் உயிரும் உடலும். எனவே முதலில் பிரிவை முழுதும் படிக்க. பின் வழக்கின் சங்கதிகளையும், நீதிபதிகள் கூறும் காரணங்களையும் காண்க. இறுதியில் உரைநூலைக் கொண்டு ஒப்புநோக்குக. மாதம் ஒரு வழக்கைச் சங்கக் கட்டடத்தில் கூடிப் படித்தால் போதும்.

கடனுக்குக் கிரயம் எழுதச் சொல்பவர் எவராயினும், கையொப்பமிடுமுன் பத்திர நகலை விவரமறிந்தவரிடம் காட்டுங்கள். கெடு கடந்தபின் நம்மிடம் வரும் பத்திரத்தை நாம் படிக்கத்தான் இயலும், திருத்த இயலாது.